சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் காரை ரியர் வீல் டிரைவ் (பின் சக்கரங்கள் மட்டும் இழுக்கும் வண்டி) ஆக்கிய விதம்

நான்கு சக்கரமும் இழுக்கும் இந்தக் காரின் 5 கியர் மேனுவலில், முன் சக்கரங்களைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்டை உருவினால் மட்டும் போதாது. முன்னுக்கும் பின்னுக்கும் விசையைப் பிரிக்கும் சென்டர் டிஃபரன்ஷியல் வெறுமனே சுற்றும், அதன் வழுக்கலைத் தடுக்கும் விஸ்கஸ் கப்ளிங் சூடேறிக் கருகும். அந்த டிஃபரன்ஷியலை எடுத்துவிட்டு, முன்னையும் பின்னையும் ஒன்றாகப் பூட்டும் ஸ்பூல் போட்டேன்.

பிறகு ஷாஃப்டைப் பிடித்திருக்கும் ரோல் பின் என்ற ஆணியைத் தட்டி இரண்டு முன் ஷாஃப்டையும் கழற்றினேன். பலர் கோட்டை விடுவது இங்கேதான்: வெளி சிவி ஜாயின்டின் (ஷாஃப்டின் சக்கரப் பக்க மூட்டு) ஸ்டப், அதாவது குட்டைத் தண்டு, சக்கர ஹப்பிலேயே இருக்கவேண்டும். முன் பேரிங்கை இறுக்கிப் பிடிப்பது அந்த ஸ்டப்பில் பூட்டும் நட்டுதான்; அது இல்லாவிட்டால் சக்கரம் ஆடும். ஜாயின்டைப் பிரித்து ஸ்டப்பை மட்டும் திரும்பப் பூட்டினேன். கியர்பாக்ஸ் பக்க ஸ்டப்பையும் தொடாதீர்கள், ஆயில் ஒழுகும். முன் டிஃபரன்ஷியல் இன்னமும் சுழல்கிறது. அதனால் 75டபிள்யூ-90 கியர் ஆயில் 3.5 லிட்டருக்குக் குறையக்கூடாது.

முழு பாரமும் இனி பின் டிஃபரன்ஷியலான ஆர்160 மேல். கிளட்சைச் சடாரென்று விட்டால் தாங்காது. சிங்கப்பூர்ச் சாலைக்கென்றால் எல்டிஏவிடம் (நிலப் போக்குவரத்து ஆணையம்) முதலில் கேளுங்கள். என்னுடையது மலேசியாவின் செப்பாங் பந்தயத் தடத்துக்கு மட்டும், அதுவும் லாரியில் ஏற்றி.