ப்ராகுக்கு ஒரு வார இறுதி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அக்டோபரில் வகுப்பு தொடங்கி இரண்டு வாரம்கூட ஆகியிருக்காது. ஜெர்மனியின் ட்ரெஸ்டனுக்குப் புதிதாகப் படிக்க வந்த பிள்ளைகளின் வாட்ஸ்அப் குழுவில் "இந்த வீக்கெண்ட் ப்ராக் யார் யார்?" என்று ஒருவர் கேட்டுவிடுவார். ஆசை நியாயமானதுதான். பஸ்ஸில் ஏறினால் இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் செக் நாட்டின் தலைநகர், வேறு பணம், வேறு பாஷை. போய்வரட்டும். ஆனால் எங்கள் செட் வந்த காலத்தில் நடந்த அதே கூத்துகளை ஒவ்வொரு வருடமும் புது முகங்கள் திரும்ப நடத்துவதைப் பார்க்கும்போது வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. குடை எடுத்துப்போ, ஹாஸ்டலை முன்பே புக் பண்ணு மாதிரியான விஷயங்களை விட்டுவிடுகிறேன். அதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

பாஸ்போர்ட்டை அறையில் வைத்துவிட்டுப் போவது

இதற்கு மட்டும் எனக்கு இன்னமும் கோபம் வருகிறது.

வேடிக்கை என்னவென்றால், முதல் பயணத்தில் யாரும் இந்தத் தவறைச் செய்வதில்லை. அப்போது விசா பாஸ்போர்ட்டுக்குள்ளேயே ஒட்டியிருக்கும், அதனால் மறக்காமல் எடுத்துப்போவார்கள். சில மாதம் கழித்து ரெசிடென்ஸ் கார்டு கைக்கு வரும். பர்ஸில் அழகாக உட்காரும். அன்றோடு பாஸ்போர்ட் பெட்டியின் அடிக்குப் போய்விடும். "பத்திரமா வை, வெளியே எடுத்துட்டுப் போகாதே" என்று ஊரிலிருந்து அம்மாவும் சொல்லியிருப்பார். கார்டு இருக்கிறதே, ஷெங்கனுக்குள் (தங்களுக்குள் எல்லைச் சோதனை வேண்டாம் என்று ஒப்புக்கொண்ட ஐரோப்பிய நாடுகளுக்குள்) எல்லையே கிடையாதே என்று அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவார்கள்.

அந்தக் கார்டு ஜெர்மனியில் தங்குவதற்கான அனுமதி, அவ்வளவுதான். பயண ஆவணம் பாஸ்போர்ட்தான். இரண்டும் சேர்ந்திருந்தால்தான் மற்ற ஷெங்கன் நாடுகளுக்குள் போகலாம், 180 நாளில் 90 நாள் வரை. எல்லையே இல்லை என்பதும் பழைய கதை. செக் எல்லையில் 2023 அக்டோபரிலேயே ஜெர்மனி சோதனையைத் தொடங்கிவிட்டது. 2024 செப்டம்பரில் அதை எல்லாத் தரை எல்லைகளுக்கும் விரித்து, அதன் பிறகும் நீட்டித்துக்கொண்டே வந்தது. போகும்போது யாரும் கேட்க மாட்டார்கள். திரும்பும்போதுதான் ஆட்டோபான் என்கிற ஜெர்மன் நெடுஞ்சாலையில் பஸ்ஸை ஓரங்கட்டி, போலீஸ் உள்ளே ஏறும். ரயிலில் வந்தாலும் எல்லையோர ஊரான பாட் ஷாண்டாவ் பக்கம் இதே கதைதான்.

போன குளிர்காலத்தில் ஒரு தம்பி ஞாயிறு இரவு போன் செய்தான். பின்னால் லாரிச் சத்தம். "அண்ணா, பாஸ்போர்ட் ரூம்ல இருக்கு. பக்கத்து ரூம் பையன்கிட்ட சாவி இருக்கு. போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னா போதுமாண்ணா?" போதாது தம்பி. போட்டோ, ஜெராக்ஸ், டிஜிலாக்கர் எதுவும் அங்கே பாஸ்போர்ட் ஆகாது. கூட வந்தவர்கள் ஜன்னல் வழியாகக் கையாட்ட, பஸ் இவனை விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டது. கம்ப்யூட்டரில் அவன் விவரத்தைச் சரிபார்த்துக் கடைசியில் அனுப்பிவிட்டார்கள்தான், ஆனால் அதற்குள் நள்ளிரவு. நின்ற இடம் நெடுஞ்சாலை ஓரம், அங்கே டவுன் பஸ்ஸா வரும்? கார் வைத்திருந்த ஒரு நண்பரை எழுப்பி அனுப்பினோம். திங்கட்கிழமை லேப் போயிற்று. அதோடும் முடியவில்லை. பாஸ்போர்ட் இல்லாமல் எல்லை தாண்டியதற்கு விளக்கம் கேட்டுச் சில வாரம் கழித்துக் கடிதம் வந்தது. படிக்க வந்த இடத்தில், அடுத்த வருடம் பெர்மிட் நீட்டிக்க வேண்டிய நிலையில், இப்படி ஒரு காகிதம் தேவையா?

இதில் என்னை உண்மையில் எரிச்சலூட்டுவது "போன தடவை யாரும் கேட்கலையே அண்ணா" என்கிற பதில்தான். எல்லா பஸ்ஸையும் நிறுத்துவதில்லை. நிறுத்துகிற பஸ்ஸில் எட்டுப் பேர் நம்மவர்களாக இருந்தால் எட்டுப் பேரையும் கேட்பார்கள்.

தொலைந்துவிடுமே என்ற பயம் சரியானதுதான். அதற்கு வழி, சட்டைக்குள் மாட்டுகிற சின்னப் பை. முதுகுப் பையின் வெளி ஜிப்பில் வைத்துக்கொண்டு ப்ராகின் சார்லஸ் பாலத்துக் கூட்டத்தில் நடக்காதீர்கள். ஹாஸ்டல் ரிசெப்ஷனில் பதிவதற்கும் பாஸ்போர்ட்டைக் கேட்பார்கள். அப்படியும் தொலைந்தால் ப்ராகிலேயே இந்தியத் தூதரகம் இருக்கிறது.

"விண்ணப்பம் கிடைத்தது" மெயிலை நம்பிக் கிளம்புவது

விசா முடிந்து, கார்டு இன்னும் வராத இடைவெளியில் இருப்பவர்கள் கவனியுங்கள். "விண்ணப்பம் கிடைத்தது" என்ற மெயிலை வைத்துக்கொண்டு ஜெர்மனியைவிட்டு வெளியே போகக் கூடாது. வெளிநாட்டவர் அலுவலகம் தருகிற ஃபிக்ட்சியோன்ஸ்பெஷைனிகுங் என்ற தற்காலிகச் சான்று, அந்த மடிப்புத் தாள், கையில் இருக்க வேண்டும். அதிலும் எந்தக் கட்டத்தில் குறியிட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். ஜெர்மன் குடியிருப்புச் சட்டத்தின் 81ஆம் பிரிவின் 4ஆம் உட்பிரிவு என்றால் பழைய அனுமதி தொடர்வதாக அர்த்தம், பாஸ்போர்ட்டோடு சேர்த்து வைத்துக்கொண்டு போய்வரலாம். 3ஆம் உட்பிரிவு என்றால் ஊரிலேயே இருங்கள். ட்ரெஸ்டனிலும் பார்க்க இடம் இருக்கிறது.

தெருவில் பணம் மாற்றுவது

ஒரு யூரோவுக்குச் சுமார் 24, 25 கொருனா (செக் பணம்). பழைய நகரச் சதுக்கத்தில் ஒருவர் வந்து "கமிஷன் இல்லை, நல்ல ரேட்" என்பார். கையில் திணிக்கும் நோட்டு வேறு ஏதோ நாட்டின் செல்லாத நோட்டாக இருக்கும். சதுக்கத்தைச் சுற்றியுள்ள கடைகளிலும் போர்டில் ஒரு ரேட், கையில் ஒரு ரேட் கதை உண்டு. கடையில் மாற்றி ஏமாந்தால் ரசீதை எறியாதீர்கள். 1,000 யூரோ வரையிலான மாற்றத்தை 3 மணி நேரத்துக்குள் ரத்து செய்ய 2019 முதல் செக் சட்டம் இடம் தருகிறது. திரும்பப் போய்க் கேளுங்கள், கொடுத்தாக வேண்டும். தெருவில் மாற்றியதற்கு அந்த வழியும் இல்லை.

ஏடிஎம்மில் "யூரோவில் கழிக்கவா, கொருனாவிலா?" என்று கேட்டால் கொருனா.

டிக்கெட்டில் நேரம் அடிக்காமல் ஏறுவது

ப்ராக் மெட்ரோவில் காகித டிக்கெட் வாங்கினால் மட்டும் போதாது. நுழைவாயிலில் உள்ள மஞ்சள் பெட்டியில் செருகி நேரம் அச்சாக வேண்டும். பரிசோதகர்கள் எஸ்கலேட்டர் அடியில்தான் நிற்பார்கள், சுற்றுலாப் பயணி என்ற இரக்கமெல்லாம் கிடையாது.

டாய்ச்லாண்ட் டிக்கெட்டோடு ஈசி ரயிலில் ஏறுவது

செல்லாது. அது ஜெர்மனியின் உள்ளூர், வட்டார வண்டிகளுக்கான மாத டிக்கெட். ஈசி என்பது நாடு விட்டு நாடு ஓடும் யூரோசிட்டி ரயில்.

"அப்படியே லண்டனும்"

ஷெங்கன் இல்லை. தனி விசா. டப்ளினும் அப்படியே.

சுவிஸில் டேட்டாவை அணைக்காமல் இருப்பது

ரெசிடென்ஸ் கார்டு செல்லும், பணம் மட்டும் பிராங்க் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்து இலவச ரோமிங் மட்டும் அங்கே சட்டப்படி கிடையாது. உங்கள் பிளானில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ரயில் ஏறுங்கள்.

எட்டுப் பேருக்கும் ஒருவர் கார்டில் புக் செய்வது

வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு பேர் வரமாட்டார்கள். பணத்தை முதலில் வாங்குங்கள்.

ஞாயிறு கடைசி பஸ்

எல்லையில் எவ்வளவு நேரம் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. இங்கே பல்கலைக்கழகத்தில் முதல் வகுப்பு காலை 7:30க்கு. மதியம் மூன்று, நான்கு மணி பஸ்ஸைப் பிடித்தால் தாமதமானாலும் தூங்க நேரம் கிடைக்கும். ஏறும் முன் பாலும் ரொட்டியும் ப்ராகிலேயே வாங்கிவிடுங்கள். ட்ரெஸ்டனில் ஞாயிறன்று ஸ்டேஷன் கடைகளைத் தவிர அநேகமாக எல்லாம் பூட்டியிருக்கும். அக்டோபர் 28 என்றால் கவனம். அது செக் நாட்டின் தேசிய நாள், அன்றைக்கு அங்கேயும் பெரிய கடைகள் திறக்காது.