முள்முருக்கங் கதியால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாரி ஓய்ந்தபின் முள்முருக்கு இலைகளை உதிர்த்து வெறுங்கொம்பாக நிற்பதைப் பார்த்து, அது பட்டுவிட்டதென்று எண்ணி வேலியிலிருந்து பிடுங்கி எறிவது திருகோணமலைப் பக்கத்து வளவுகளில் நிகழும் தவறாகும். பட்டையை நகத்தால் சிறிது சுரண்டிப் பார்த்தால் போதும். உள்ளே பச்சை தெரிந்தால் மரத்தில் உயிர் இருக்கிறது. அந்த வெறுங்கொம்பில்தான் செந்நிறப் பூங்கொத்துகள் முதலில் தோன்றும். மூவிலைகளாகத் தளிர்ப்பது அதன் பின்னரே.

வேலிக்காலாக ஊன்றித் தளிர்க்கவிடும் கொம்பான கதியால் பட்டுப்போவதற்குப் பெரும்பாலும் நடுபவரின் அவசரமே காரணம். விரற் பருமனுள்ள இளங்கொம்புகளை வெட்டிய கையோடு ஈர மண்ணில் ஊன்றினால், நீர்ப்பற்று மிகுந்த அந்த மென்தண்டு வேர்விடுமுன்னரே அழுகிவிடும். முற்றிய, மணிக்கட்டுப் பருமனுள்ள கொம்புகளைத் தெரிந்து, வெட்டுவாய் காயும்வரை ஓரிரு நாள் நிழலில் நிமிர்த்திச் சார்த்தி வைத்து, மாரி தொடங்குவதற்குச் சற்று முன் நடுவதே நல்லது. அடியை நேராகவும் நுனியைச் சரிவாகவும் வெட்டினால் தலைகீழாக நட நேராது. மேல்வாயில் மழைநீரும் தங்காது. கதியாலையே அடித்து இறக்காமல், முதலில் அலவாங்கால் குழியிட்டால் அடிப்பட்டை உரியாது. நிலாவெளியின் மணற்பாங்கான நிலத்தில் வடிகால் பற்றிய கவலை குறைவு. தம்பலகாமத்து வயலோரங்களிலோ நீர் தேங்காத மேட்டைப் பார்த்தே நடவேண்டும்.

முட்கம்பியைத் தண்டைச் சுற்றி இறுக்கிக் கட்டுவதும் கூடாது. மரம் பருக்கப் பருக்கக் கம்பி பட்டைக்குள் புதைந்து நீரோட்டத்தைத் தடுக்கும்.

வேலியில் தடித்து நிற்கிறதே என்று இதை வீட்டுத் தூணுக்கோ நிலைக்கோ வெட்டுவது வீண்வேலை. பாரமற்ற, மெத்தென்ற இம்மரம் வலைக்கு மிதப்பாகப் பயன்பட்டதேயன்றிச் சுமை தாங்கியதில்லை. உயிரோடு நிற்கையில்தான் இதன் பயன் பெரிது: வெற்றிலையும் மிளகும் படரக் கொழுகொம்பாகும், இலை ஆட்டுக்குத் தீனியாகும், வேர்முடிச்சுகள் மண்ணுக்குத் தழைச்சத்தைச் சேர்க்கும். கலியாண வீட்டில் ஈசான மூலையில் கன்னிக்காலாக ஊன்றுவதும் இதன் கொம்பையே. சடங்கு முடிந்ததும் அதைக் குப்பையில் எறிபவர்கள் நல்ல கதியால் ஒன்றை இழக்கிறார்கள்.

கலியாண முருங்கை என்ற பெயரைக் கொண்டு இதை முருங்கையின் இனமென்று கருதுவது ஆபத்தானது. இரண்டும் வெவ்வேறு குடும்பத்தவை. இளந்தளிரைச் சமைத்து உண்ணும் வழக்கம் உண்டென்றாலும், இதன் செங்கபில விதைகள் நஞ்சு கொண்டவை. விளையாட்டுக்குப் பொறுக்கும் சிறுவர்கள் அவற்றை வாயிலிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.