சதவீதம் என்றால் எதன் மேல் என்று கேளுங்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ராகி, சாமை, புளி, மாங்காய் ஊறுகாய் என்று வீட்டிலேயே பொருள் செய்து விற்கத் தொடங்கியவர்கள் இப்போது நிறையப் பேர். சந்தையிலும் தெரிந்தவர்களிடமும் நன்றாகத்தான் விற்கிறார்கள். ஓசூரிலோ பெங்களூரிலோ ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட்டுக்குள் நுழையும்போதுதான் சறுக்கல் ஆரம்பம். அங்கே கொள்முதல் மேலாளர் தமிழிலோ கன்னடத்திலோ பேசினாலும் காசு சம்பந்தப்பட்ட சொல்லெல்லாம் ஆங்கிலத்தில்தான் வரும். மார்ஜின், கிரெடிட், ரிட்டர்ன், ஸ்கீம். தொழில் தொடங்கிய புதிதில் நான் எந்தெந்த இடத்தில் தலையாட்டிவிட்டு வந்தேனோ, அதே இடங்களில் இன்று இவர்களும் தலையாட்டுவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

உச்சரிப்பு, இலக்கணம் பற்றி இங்கே ஒன்றும் சொல்லப் போவதில்லை. தட்டுத்தடுமாறிப் பேசியதால் யாருக்கும் ஒரு ரூபாய்கூடக் குறைந்ததில்லை. புரியாத சொல்லுக்குச் சரி என்று சொன்னால்தான் குறையும்.

மார்ஜினை மார்க்கப் என்று நினைப்பது

இத்தனை ஆண்டுகள் கழித்தும் எனக்கு ஆத்திரம் வருவது இந்த ஒன்றில்தான்.

பென்னாகரம் பக்கத்தில் ராகி முறுக்கு போடும் ஒரு பெண்மணி. அரைக் கிலோ பாக்கெட்டுக்கு எண்ணெய், மாவு, கூலி, பவுச், வண்டி வாடகை எல்லாம் சேர்த்து அடக்கம் 88 ரூபாய். வரி நீங்கலாக 100 ரூபாய் கைக்கு வந்தால் போதும் என்பது அவர் கணக்கு. ஓசூரில் ஒரு கடையில் மேலாளர், "எங்களுக்குத் தர்ட்டி பர்சன்ட் மார்ஜின்" என்றார். இவர் "சரி சார்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து, 100 ரூபாயோடு 30 சேர்த்து, பவுச்சில் எம்ஆர்பி 130 என்று அச்சடித்துவிட்டார். ஒன்றிரண்டு அல்ல, ஐயாயிரம் பவுச்.

முதல் பில்லுக்குப் பணம் வந்ததும் தாளைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். "அண்ணா, கணக்கில் குறைத்துப் போட்டிருக்கிறார்கள்" என்றார். கடைக்காரர் குறைக்கவில்லை. மார்ஜின் என்பது விற்பனை விலையின் மேல் கணக்கிடுவது. 130-இல் 30 சதவீதம் 39 ரூபாய். அதைக் கழித்தால் 91. அந்த 91-க்குள் 5 சதவீத ஜிஎஸ்டியும் சேர்ந்திருக்கிறது. அதையும் எடுத்துவிட்டால் அவர் கைக்கு நின்றது 86 ரூபாய் 67 காசு. அடக்கமே 88. ஒவ்வொரு பாக்கெட் விற்கும்போதும் 1 ரூபாய் 33 காசு கையிலிருந்து போயிருக்கிறது. முறுக்கு நன்றாக விற்கிறது என்று கடைக்காரர் மறு ஆர்டரும் கொடுத்திருந்தார்!

அவர் மனதில் இருந்த கணக்குக்குப் பெயர் மார்க்கப். அதாவது, நம் விலையின் மேல் ஏற்றுவது. இரண்டுக்கும் சதவீதம்தான் என்பதால் ஒன்றுபோலத் தெரியும். நூறு ரூபாய்ப் பொருளின் மேல் 30 ஏற்றினால் கடைக்குக் கிடைக்கும் மார்ஜின் 23 சதவீதம் சொச்சம்தான். கடைக்கு உண்மையிலேயே 30 மார்ஜின் போக வேண்டுமானால் நாம் ஏற்ற வேண்டியது கிட்டத்தட்ட 43 சதவீதம். 20 மார்ஜினுக்கு 25 ஏற்ற வேண்டும். 25-க்கு 33 சொச்சம். 50 கேட்டால் விலையே இரட்டிப்பு.

கணக்கு இப்படிப் போக வேண்டும்: கைக்கு வேண்டியது 100. ஜிஎஸ்டி சேர்த்தால் 105. இதைத்தான் அவர்கள் லேண்டிங் காஸ்ட் என்பார்கள். கடைக்கு 30 போனால் எம்ஆர்பியில் மீதம் 70 சதவீதம். 105-ஐ 0.70-ஆல் வகுத்தால் 150. எம்ஆர்பி 150 என்று போட்டிருக்க வேண்டும். அந்த விலைக்கு முறுக்கு விற்குமா என்பது தனிக் கேள்வி. விற்காது என்று தோன்றினால் அப்போதே மேலாளரிடம், "25 என்றால் தருகிறேன்" என்று பேசியிருக்கலாம். பேசுவதற்கான வாய்ப்பு போனதுதான் பெரிய நட்டம்.

சரி, 130-ஐ மறைத்து 150 என்று ஸ்டிக்கர் ஒட்டிவிடலாமே என்று அவர் கேட்டார். கூடாது. பாக்கெட் பொருள்களுக்கான 2011-ஆம் ஆண்டு எடையளவு விதிகளின்படி, அச்சிட்ட விலையைக் கூட்டி ஸ்டிக்கர் ஒட்டுவது குற்றம். குறைப்பதற்கு மட்டும் ஒட்டலாம். அப்போதும் பழைய விலை மறையக் கூடாது. மீதமிருந்த பவுச் எல்லாம் கட்டுக்கட்டாக அவர் வீட்டுப் பரணில் கிடக்கிறது. ஆகவே பவுச் அடிக்கும்போது எம்ஆர்பி இடத்தைக் காலியாக விடுங்கள். பேட்ச் எண், தேதி அடிக்கும்போது விலையையும் சேர்த்து அடித்துக்கொள்ளலாம்.

அந்த மேலாளருக்கு இந்த வித்தியாசம் தெரியாமல் இல்லை. எதிரே உட்கார்ந்திருப்பவர் முதல்முறை வருகிறார் என்பதும் தெரியும். "எம்ஆர்பி மேல்" என்று இரண்டு சொல் சேர்த்துச் சொல்ல அவருக்கு என்ன செலவு? அது அவர் வேலை இல்லை என்று சிலர் சொல்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

டென் பிளஸ் ஒன்

பத்து வாங்கினால் ஒன்று இலவசம் என்பது 10 சதவீதத் தள்ளுபடி ஆகாது. பதினொன்றில் ஒன்றுதான் இலவசம், அதாவது 9.09 சதவீதம்.

எஸ்ஓஆர்

சேல் ஆர் ரிட்டர்ன். விற்றதற்கு மட்டும் பணம். விற்காதது திரும்பி வரும். ஆர்டர் தாளின் மூலையில் இந்த மூன்று எழுத்து இருந்தால், ஐந்நூறு பாக்கெட்டுக்கு ஆர்டர் கிடைத்தது என்று மகிழ வேண்டாம். ஐந்நூறு பாக்கெட்டை அவர்கள் அலமாரியில் வைத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். மூன்று மாதம் தாங்கும் பண்டம் காலாவதிக்குப் பத்து நாள் இருக்கும்போது திரும்பி வந்தால் யாருக்கு விற்பீர்கள்? காலாவதிக்கு எத்தனை நாள் முன்பு திருப்ப வேண்டும், திருப்பும் வண்டிச் செலவு யாருடையது என்ற இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள்.

மில்லியன்

பத்து லட்சம். பில்லியன் நூறு கோடி. மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

நாள் கணக்கு எதிலிருந்து?

"ஃபார்ட்டி ஃபைவ் டேஸ் கிரெடிட்" என்பார்கள். பில் போட்ட நாளிலிருந்தா, சரக்கு இறங்கிய நாளிலிருந்தா, அவர்கள் கணக்குப் பிரிவில் பில் பதிவான நாளிலிருந்தா? கடைசியாகச் சொன்னது என்றால் 45 நாள் எளிதாக 70 நாளாகிவிடும்.

இந்த இடத்தில் சட்டம் நம் பக்கம் இருப்பது பலருக்குத் தெரிவதில்லை. 2006-ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் சட்டத்தின் 15-ஆம் பிரிவுப்படி, உத்யம் பதிவு (இத்தகைய தொழில்களுக்கான மத்திய அரசின் பதிவு) பெற்ற குறு, சிறு உற்பத்தியாளருக்குச் சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாளுக்கு மேல் பணத்தை இழுத்தடிக்க முடியாது. எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்தான். மீறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கில், மாதந்தோறும் கூட்டு வட்டி தர வேண்டும். தாமதமானால் அரசின் இணையதளம் வழியாக முறையிடலாம். உத்யம் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. ஆயிரம், இரண்டாயிரம் கேட்கும் இடைத்தரகரிடம் போகாதீர்கள். பதிவு எண்ணை ஒவ்வொரு பில்லிலும் அச்சிடுங்கள். 2024 ஏப்ரல் முதல், குறித்த நாளுக்குள் தராமல் நிதியாண்டு முடிந்தும் நிலுவையில் நிற்கும் தொகையைச் சரக்கு வாங்கியவர் அந்த ஆண்டு வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது என்பதால், அந்த எண்ணைப் பார்த்ததும் அவர்களுடைய ஆடிட்டரே பணத்தைச் சீக்கிரம் அனுப்பச் சொல்வார்.

கொட்டேஷனில் தேதி போடாமல் அனுப்புவது

மாசி, பங்குனியில் புதுப் புளி வரும்போது கொடுத்த விலையை ஐப்பசியில் எடுத்து நீட்டுவார்கள். "இந்த விலை இத்தனாம் தேதி வரை" என்று ஒரு வரி எழுதுங்கள்.