மோட்டார் இல்லாமல் சுற்றும் வெந்நீர்: கண்காட்சிக்கு ஒரு சோலார் ஹீட்டர்

கருப்புக் குழாயில் தண்ணீர் சூடாவதைக் காட்டுவது எளிது. அந்தத் தண்ணீர் மோட்டார் இல்லாமல் தானாகச் சுற்றி வருவதைக் காட்டினால்தான் மாடல் பேசும். கடலூர், புதுச்சேரியில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை மேகம் படுத்தும். ஜனவரி, பிப்ரவரி வெயிலில் சோதித்துப் பாருங்கள்.

60 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலத்தில் ஒரு பலகைப் பெட்டி வேண்டும். அடியில் நன்றாக உலர்ந்த தேங்காய் நாரை மூன்று விரல் உயரத்துக்கு அழுத்திப் பரப்பி, மேலே ஒரு தகரத் தகடு வையுங்கள். சூட்டில் தெர்மாகோல் இளகிவிடும், நார் தாங்கும். நம்ம ஊரில் நாருக்குப் பஞ்சமும் இல்லை.

அடுத்தது குழாய். ஏசி மெக்கானிக்குகள் வாங்கும் கடையில் 3/8 அங்குல செம்புக் குழாய் 4 மீட்டர் கேளுங்கள். வெறுமனே வளைத்தால் நசுங்கும். சலித்து உலர்த்திய ஆற்று மணலை உள்ளே நிரப்பி, இரு முனையையும் டேப்பால் அடைத்து, ஒரு டப்பாவைச் சுற்றி மெதுவாக வளையுங்கள். கடற்கரை மணல் வேண்டாம், அதிலுள்ள உப்பு செம்பை அரிக்கும். பெட்டியின் கீழிருந்து மேலாகப் பாம்பு போல வளைந்து போகட்டும். ஒவ்வொரு வரிசையும் லேசாக ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். எங்காவது இறங்கி ஏறினால் அந்த மேட்டில் காற்றுக் குமிழி தங்கி, தண்ணீர் நின்றுவிடும். மணலைக் கழுவி வெளியேற்றிய பிறகு, குழாயைத் தகட்டோடு ஒட்டினாற்போல் கம்பியால் கட்டி, இரண்டுக்கும் பளபளப்பில்லாத கரும்பலகை பெயிண்ட் அடியுங்கள். மேலே கண்ணாடி, சுற்றிலும் சிலிக்கோன் பசை. மதியம் கடல் காற்று எழும்பும்போது இடுக்கு இருந்தால் சூடு போய்விடும். கண்ணாடி வேலையைப் பெரியவர்களிடம் விடுங்கள்.

5 லிட்டர் வாளியில் அடியில் ஒன்று, மேல்பக்கம் ஒன்று என இரண்டு நிப்பிள் (டியூப் மாட்டும் சிறு குழாய் முனை) பொருத்துங்கள். கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் டியூபால் வாளியின் அடியைக் குழாயின் கீழ்முனையோடும், குழாயின் மேல்முனையை வாளியின் மேல் நிப்பிளோடும் இணையுங்கள். டியூப் முனையை வெந்நீரில் முக்கினால் சுலபமாக ஏறும். வாளியின் அடி, பெட்டியின் மேல் விளிம்பைவிட உயரத்தில் இருக்கட்டும். சூடான தண்ணீர் எடை குறைந்து மேலே ஏற, வாளியின் குளிர்ந்த நீர் அடிவழியே இறங்கும். தண்ணீர் மட்டம் மேல் நிப்பிளுக்குக் கீழே போனால் சுற்று அறுந்துவிடும். வாளியை இறுக மூடாதீர்கள்.

பெட்டியைத் தெற்கு பார்த்து வைத்து, பின்பக்கம் மூன்று செங்கல் உயரம் கொடுங்கள். நமக்கு அட்சரேகை ஏறக்குறைய 12 டிகிரிதான் என்றாலும், ஜனவரியில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் இந்தக் கூடுதல் சாய்வு தேவை. தண்ணீர் நிரப்பிக் குமிழிகள் போகும்வரை கண்ணாடியைத் துணியால் மூடி வையுங்கள். காய்ந்த குழாயில் திடீரென்று தண்ணீர் விட்டால் ஆவி சீறும்.

துணியை எடுத்துச் சிறிது நேரம் கழித்து, அடி டியூபில் ஊசியால் ஒரு சொட்டு மை ஏற்றி, துளையில் டேப் ஒட்டுங்கள். மை பெட்டியை நோக்கி நகரும். 15 நிமிடத்துக்கு ஒருமுறை வாளித் தண்ணீரின் வெப்பநிலையைக் குறியுங்கள். 5 லிட்டரை 1 டிகிரி உயர்த்த சுமார் 21 கிலோஜூல் வேண்டும். அதை வைத்து மொத்த ஜூலைக் கண்டு, ஆன நொடிகளால் வகுத்து, உங்கள் பெட்டி எத்தனை வாட் பிடித்தது என்று கணக்குப் போட்டு, சார்ட்டில் வரைபடத்தோடு ஒட்டுங்கள்.