ஃபெமா அழைப்பாணையில் நம் இளசுகள் விடும் தவறுகள்

திருகோணமலையில் சென்னையோடு கொடுக்கல் வாங்கல் உள்ள குடும்பங்கள் பல. ஃபெமா என்ற இந்திய அந்நியச் செலாவணி முகாமைத்துவச் சட்டத்தின் கீழ் அந்நாட்டு அமலாக்கத் துறை அனுப்பிய அழைப்பாணையோடு யாராவது வந்தால், தொழிலுக்குப் புதிதாக வந்த சட்டத்தரணிகள் சொல்வதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. பேர், திகதி சரிபார்ப்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன்.

“சிவில் சட்டம்தானே, போகாவிட்டால் என்ன?”

இன்றைக்கும் எரிச்சல் வருவது இதற்குத்தான். 1973ஆம் ஆண்டு ஃபெரா சட்டத்தில் சிறைத்தண்டனை இருந்தது, 2000 ஜூன் 1 முதல் அதன் இடத்துக்கு வந்த ஃபெமாவில் பெரும்பாலும் தண்டப்பணம்தான், சரி. ஆனால் அதன் 37ஆவது பிரிவு, உதவி இயக்குநர் தரத்துக்குக் குறையாத அதிகாரிக்கு வருமான வரி அதிகாரியின் அதிகாரத்தைக் கொடுக்கிறது. ஆளை வரவழைக்கலாம், சத்தியம் செய்வித்து விசாரிக்கலாம், கணக்குப் புத்தகம் கேட்கலாம்.

உவர்மலையைச் சேர்ந்த ஒருவர் சென்னையில் மச்சான் பேரில் ஃபிளாட் வாங்கக் காசு கொடுத்தார். இலங்கைக் குடிமகன் அங்கே ரிசர்வ் வங்கி அனுமதியில்லாமல் வீடு வாங்க முடியாது, ஐந்து வருடம் வரையான குத்தகை மட்டும் எடுக்கலாம். மச்சானுக்கு அழைப்பாணை வந்தது. இங்கே ஓர் இளம் சட்டத்தரணி “அது செல்லாது, பேசாமல் இருங்கள்” என்றார், அவர்களும் இருந்துவிட்டார்கள், இரண்டாவது வந்தபோதும் அப்படியே. காசு எந்தக் கணக்கிலிருந்து எப்படிப் போனது என்று காட்டும் வங்கிச் சீட்டுகள் பச்சை ஃபைல் ஒன்றில் இங்கேயே கிடக்க, அதிகாரி தன் கையில் இருந்ததை மட்டும் வைத்து முறைப்பாட்டை எழுதி முடித்தார். தொகையைக் கணக்கிட முடிந்தால் மூன்று மடங்கு வரை தண்டம், சொத்தும் பறிமுதலாகலாம், 90 நாளுக்குள் கட்டாவிட்டால் 14ஆவது பிரிவின்படி சிவில் சிறையும் உண்டு.

செல்லுமா என்று சந்தேகமா? அதை எழுத்தில் கேளுங்கள்: எந்தப் பிரிவு, அதிகாரியின் தரம் என்ன, எதைப் பற்றிய விசாரணை. குறித்த திகதிக்கு முன்பே அனுப்புங்கள், வர முடியாவிட்டால் வேறு திகதி கேளுங்கள், சீட்டுகளின் பிரதியை இணையுங்கள்.

உடனே உயர் நீதிமன்றம் ஓடுவது

அழைப்பாணைக் கட்டத்தில் இந்திய நீதிமன்றங்கள் பெரும்பாலும் தலையிடுவதில்லை. அதிகாரமே இல்லாதவர் அனுப்பியிருந்தால் கதை வேறு.

எந்தச் சட்டம் என்று பார்க்காதது

50ஆவது பிரிவு என்று இருந்தால் அது பணச்சலவைத் தடுப்புச் சட்டம். அனுப்புவது அதே துறைதான், ஆனால் அதில் கைது உண்டு. ஃபெமாவுக்கு எழுதி வைத்த பதிலை அதற்கு அனுப்பாதீர்கள்.

வாட்ஸப்பில் வந்த பிடிஎஃப்

கியூஆர் கோடை ஸ்கேன் செய்து துறையின் இணையதளத்தில் பாருங்கள். அதற்கு முன் ஒரு சதமும் அனுப்ப வேண்டாம்.