ஓட மறுக்கும் மறைக்காணிப் பதிவுகளை மீட்டெடுக்கும் முறை

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் பட்டணத்திலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் ஆலயம், மளிகைக் கடை, செம்பனைக் குலை நிறுக்கும் இடம் எனப் பல இடங்களில் இன்று மறைக்காணி (சிசிடிவி கேமரா) பொருத்தப்பட்டிருக்கிறது. உண்டியல் உடைக்கப்பட்ட மறுநாளோ குலைகள் களவு போன மறுநாளோதான் அதன் பதிவு தேவைப்படுகிறது. அன்றைக்குப் பார்த்து, பென்டிரைவில் எடுத்து வந்த காணொளி கணினியில் ஓடுவதில்லை. உடனே பதிவு கெட்டுவிட்டது என்று சொல்லிக் கோப்பை அழித்துவிடுபவர்கள் உண்டு. அவசரப்பட்டுச் செய்யும் இந்த ஒரு செயலால்தான் மீட்டிருக்கக்கூடிய சான்றுகள் பல இல்லாமற் போகின்றன. ஓடாத கோப்பு பெரும்பாலும் முழுமையான கோப்பாகவே இருக்கும், அதைப் படிக்கத் தெரியாத மென்பொருளில் திறக்கப்பட்டிருக்கும் என்பதே என் அனுபவம். ஆகவே காரணத்தைக் கண்டறியும்வரை எதையும் அழிக்காமல், எதையும் மாற்றாமல் இருப்பது நலம்.

மூலப் பதிவைக் காப்பது முதல் வேலை

மறைக்காணிகளின் காட்சிகளைச் சேமிக்கும் பெட்டியான பதிவுக் கருவியின் வன்தட்டு நிறைந்ததும் புதிய பதிவு பழைய பதிவின்மேல் எழுதப்படும். இது எவ்வளவு விரைவில் நடக்கும் என்பதைப் பலர் கணக்கிட்டுப் பார்ப்பதில்லை. விநாடிக்கு 4 மெகாபிட் வேகத்தில் இடைவிடாமல் பதிவு செய்யும் ஒரே ஒரு மறைக்காணி ஒரு நாளில் ஏறத்தாழ 43 கிகாபைட் இடத்தை நிரப்பும். நான்கு மறைக்காணிகள் இருந்தால் 1 டெராபைட் வன்தட்டு ஆறு நாள்களுக்குள் நிறைந்துவிடும். திங்கட்கிழமை நடந்த திருட்டை அடுத்த ஞாயிற்றுக்கிழமை நிர்வாகக் கூட்டத்தில் பேசிக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தால், அதற்குள் அந்தப் பதிவே இல்லாமல் போயிருக்கலாம். எனவே எடுத்து வந்த கோப்பு ஓடவில்லை என்று தெரிந்த அந்தக் கணமே பதிவுக் கருவிக்குத் திரும்பிச் சென்று, அங்கே இணைத்துள்ள திரையில் அந்த நேரத்துக் காட்சி ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் மூலப் பதிவு நன்றாக இருக்கிறது, பிரித்தெடுத்த நகலில்தான் சிக்கல் என்று உறுதியாகிவிடும். பல கருவிகளில் குறிப்பிட்ட நேரத்துப் பதிவை மேலெழுதாதபடி பூட்டிவைக்கும் வசதி உண்டு, அதைப் பயன்படுத்துங்கள். அந்த வசதி இல்லையென்றால், நகல் எடுத்து முடியும்வரை பதிவையே நிறுத்திவைப்பதும் தகும்.

அங்கேயும் அந்த நேரத்தில் எதுவும் இல்லை என்று காட்டினால், கருவியின் கடிகாரத்தைப் பாருங்கள். உள்ளே இருக்கும் சிறு மின்கலம் தீர்ந்துபோன கருவி, மின்தடைக்குப் பிறகு 1970ஆம் அல்லது 2000ஆம் ஆண்டுக்குத் திரும்பிவிடக்கூடும். நேற்றைய பதிவு அந்தப் பழைய தேதியின் கீழ் சேமிக்கப்பட்டிருக்கும். பதிவு சரியாக எட்டு மணி நேரம் தள்ளியிருந்தால் நேர மண்டல அமைப்பே காரணம். மலேசிய நேரம் உலகப் பொதுநேரத்தைவிட எட்டு மணி நேரம் முந்தியது.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். பதிவுக் கருவியின் வன்தட்டைக் கழற்றிச் சாதாரணக் கணினியில் இணைத்தால், பெரும்பாலான தட்டுகளை விண்டோஸ் அடையாளம் காணாது. தட்டை ஃபார்மேட் செய்யவா என்றுதான் கேட்கும். ஒருபோதும் சம்மதிக்கக் கூடாது. தயாரிப்பாளர்கள் தங்களுக்கே உரிய கோப்பு முறையில் அந்தத் தட்டுகளை எழுதுவதால் விண்டோஸுக்கு அவை புரிவதில்லை. தட்டில் குறை ஏதும் இருக்க வேண்டியதில்லை.

கோப்பின் அளவும் அதன் உள்ளடக்கமும்

எந்த மென்பொருளையும் தேடிப் போகுமுன் கோப்பின் அளவைப் பாருங்கள். மேலே சொன்ன 4 மெகாபிட் வேகத்தில் பத்து நிமிடக் காட்சி சுமார் 300 மெகாபைட் இருக்க வேண்டும். உங்கள் கோப்பு சுழியமாகவோ சில கிலோபைட்டாகவோ இருந்தால் அதற்குள் படமே இல்லை. மீண்டும் பிரித்தெடுப்பது ஒன்றுதான் வழி. எதிர்பார்த்ததில் பாதிதான் இருந்தால் பதிவிறக்கம் நடுவில் அறுந்திருக்கிறது. தோட்டப்புறங்களில் கைப்பேசி இணையத்தின் வழியே தொலைவிலிருந்து பதிவிறக்கும்போது இது அடிக்கடி நேர்வதைப் பார்க்கிறேன். முடிந்தவரை கருவி இருக்கும் இடத்துக்கே சென்று, பத்துப் பதினைந்து நிமிடத் துண்டுகளாகப் பென்டிரைவில் எடுப்பதே நம்பத்தக்க முறை. பென்டிரைவ் பழைய ஃபேட்32 முறையில் அமைந்திருந்தால் 4 கிகாபைட்டுக்கு மேற்பட்ட ஒரே கோப்பை அது ஏற்காது என்பதாலும் சிறு துண்டுகளே நல்லவை.

அளவு சரியாக இருந்தால் மீடியாஇன்போ என்னும் இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்து பாருங்கள். அது காட்சியை ஓட்டாது. உள்ளே என்ன இருக்கிறது என்று மட்டும் சொல்லும். நமக்கு வேண்டியதும் அதுதான். படம் எச்.264 சுருக்க முறையிலா எச்.265 சுருக்க முறையிலா, ஒலி எந்த முறையில், கோப்பின் உறை (படத்தையும் ஒலியையும் ஒன்றாகப் பொதிந்து வைக்கும் அமைப்பு) எது என்ற மூன்று விவரங்களில் பெரும்பாலான சிக்கல்களுக்கு விடை கிடைத்துவிடும்.

எச்.264 முறை 2003இலும் எச்.265 முறை 2013இலும் தரமாக ஏற்கப்பட்டவை. பின்னது அதே தெளிவுக்கு ஏறத்தாழ பாதி இடமே எடுத்துக்கொள்வதால் புதிய மறைக்காணிகள் பலவற்றில் அதுவே முன்னமைவாக இருக்கிறது. ஆனால் விண்டோஸ் கணினிகள் பலவற்றில் அதைப் படிக்கும் துணைநிரல் தயாராக இருப்பதில்லை. மைக்ரோசாஃப்ட் கடையில் சிறு கட்டணம் செலுத்திப் பெற வேண்டியிருக்கும். ஒலி மட்டும் கேட்டுத் திரை கறுத்திருப்பதற்கு இது பொதுவான காரணம். வி.எல்.சி இயக்கியின் அண்மைய பதிப்பு எச்.265 காட்சிகளைக் கட்டணமின்றி ஓட்டும். அதிலும் படம் திக்கித் திணறினாலோ பச்சையாகக் கலங்கினாலோ, அமைப்புகளில் உள்ளீடு, கோடெக் பகுதிக்குச் சென்று வன்பொருள் துணையுடன் படிக்கும் வசதியை நிறுத்திவிட்டு மீண்டும் முயல வேண்டும். பழைய மடிக்கணினிகளில் இந்த ஒரு மாற்றமே போதுமானதாக இருப்பதுண்டு.

தொடக்கத்தில் சில விநாடிகள் மட்டும் படம் சாம்பல் நிறமாகக் குழம்பிப் பின்னர் தெளிந்தால் அஞ்ச வேண்டியதில்லை. காணொளியில் சில சட்டங்களே (ஃபிரேம்களே) முழுப்படமாக இருக்கும். இடைப்பட்டவை முந்தைய சட்டத்திலிருந்து மாறியதை மட்டும் குறித்துவைக்கும். பிரித்தெடுத்த துண்டு ஒரு முழுப்படத்தில் தொடங்காவிட்டால் அடுத்த முழுப்படம் வரும்வரை காட்சி குழம்பித்தான் தெரியும். தேவையான நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்பிருந்தே எடுத்தால் இது தீரும்.

பெயர் ஒன்று, உறை வேறு

அதிகம் பேரைக் குழப்புவது இந்த இடம்தான். கோப்பின் பெயர் எம்பி4 என்று முடிந்தாலும் உள்ளே எம்பி4 அமைப்பு இல்லாமல் இருக்கலாம். ஹிக்விஷன் கருவிகளிலிருந்து எடுக்கும் கோப்புகள் பலவற்றில் தொடக்கத்தில் 'ஐஎம்கேஎச்' (IMKH) என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும், அவற்றைத் தொடர்ந்து எம்பெக் நிரல் ஓடை எனப்படும் வேறொரு அமைப்பும் இருக்கின்றன. பெயரை நம்பித் திறக்கும் மென்பொருள் எம்பி4 அமைப்பைத் தேடி, கிடைக்காமல், கோப்பு பழுதடைந்தது என்று அறிவித்துவிடுகிறது. ஒரு நகலை எடுத்து அதன் பின்னொட்டை எம்பிஜி என்று மாற்றினால் வி.எல்.சி அதை ஓட்டிவிடுவது உண்டு. அவ்வாறு ஓடாவிட்டால் அந்த நிறுவனமே இலவசமாக வழங்கும் வி.எஸ்.பிளேயரைப் பயன்படுத்தலாம். டாஹுவா கருவிகள் தரும் டிஏவி கோப்புகளுக்கும் இதுவே பொருந்தும். அந்நிறுவனத்தின் ஸ்மார்ட்பிளேயர் அவற்றைத் திறக்கும். சில கருவிகள் பென்டிரைவில் நகலெடுக்கும்போது இயக்கியையும் சேர்த்தே எழுதிக் கொடுக்கின்றன. தேவையற்றது என்று நினைத்து அதை அழித்துவிடாதீர்கள்.

நினைவட்டையை மறைக்காணியிலிருந்து கழற்றிக் கணினியில் பார்ப்பவர்கள், ஒரே அளவுள்ள எண்ணற்ற கோப்புகள் வரிசையாக இருப்பதைக் கண்டு திகைக்கலாம். மறைக்காணி தனக்கு வேண்டிய இடத்தை முன்கூட்டியே சம அளவுக் கோப்புகளாக ஒதுக்கிக்கொண்டு, எந்த நேரத்துக் காட்சி எங்கே இருக்கிறது என்பதைத் தனி அட்டவணைக் கோப்பில் எழுதிவைப்பதே இதற்குக் காரணம். அவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பது வீண் உழைப்பு. அட்டையை மறைக்காணியிலேயே திரும்பப் பொருத்தி, அதன் செயலியின் வழியே குறிப்பிட்ட நேரத்தைப் பதிவிறக்குவதே சரி.

ஒலியாலும் ஒரு கோப்பு முடங்கலாம். மறைக்காணிகள் பலவும் தொலைபேசிக்காக உருவான ஜி.711 என்ற ஒலி முறையைக் கையாள்கின்றன. அது எம்பி4 உறைக்குப் பொருந்தாதது என்பதால் சில இயக்கிகள் படத்தையும் சேர்த்தே நிராகரித்துவிடும். லாஸ்லெஸ்கட் என்னும் இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்து, ஒலித் தடத்தை நீக்கியோ எம்கேவி உறைக்கு மாற்றியோ சேமித்தால், படம் ஒரு புள்ளிகூட மாறாமல் புதிய உறைக்குள் வந்துவிடும். ஐபோனில் ஓடாத எச்.265 கோப்புகளுக்கும் உறைக்குள் இடப்படும் அடையாளக் குறியே சில வேளைகளில் காரணமாகிறது.

மறையாக்கம் செய்த பதிவுகள்

ஓடும் நேரம் சரியாகக் காட்டி, படம் மட்டும் தொடக்கம் முதல் முடிவுவரை வண்ணச் சிதறலாகவே இருந்தால், பதிவு மறையாக்கம் செய்யப்பட்டிருக்கலாம், அதாவது திறவுகோல் இல்லாமல் பார்க்க முடியாதபடி பூட்டப்பட்டிருக்கலாம். ஹிக்விஷன், இசட்விஸ் போன்ற நிறுவனங்களின் மறைக்காணிகளில் இந்த அமைப்பு உண்டு. மறைக்காணியின் அடியில் ஒட்டியுள்ள தாளில் அச்சிட்டிருக்கும் சரிபார்ப்புக் குறியீடு, உரிமையாளர் அதை மாற்றாத வரையில், திறவுகோலாகச் செயல்படும். வெயிலிலும் மழையிலும் எழுத்து அழிந்துபோகுமுன் அந்தத் தாளை இன்றே படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். திறவுகோல் தெரியாத பதிவை எந்த மென்பொருளும் திறக்காது. திறந்து தருகிறேன் என்று பணம் கேட்பவரிடம் ஏமாற வேண்டாம்.

மின்தடையில் பாதியில் நின்ற கோப்பு

நம் ஊர்ப் பக்கம் மாலை நேரத்து இடிமழை புதிதல்ல. பதிவாகிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால் எம்பி4 கோப்பு திறக்காமல் போவதற்கு அதன் அமைப்பே காரணம். அந்தக் கோப்பில் எந்தச் சட்டம் எங்கே தொடங்குகிறது என்ற அட்டவணை வழக்கமாகக் கடைசியில்தான் எழுதப்படுகிறது. தோட்டத்தில் நாள் முழுதும் வேலை நடந்து முடிந்தும் அன்றைய செக்ரோல் (வேலையாள்களின் அன்றாட வேலைப் பதிவேடு) எழுதப்படாமல் போனால் யார் எந்த நிரையில் என்ன செய்தார் என்று எப்படிச் சொல்ல முடியாதோ, அப்படி, படம் அத்தனையும் உள்ளே இருந்தும் அதை வரிசைப்படுத்தும் குறிப்பு இல்லாமல் கிடக்கும்.

இத்தகைய கோப்பை அன்ட்ரங்க் என்ற மென்பொருளால் பெரும்பாலும் மீட்கலாம். அதே மறைக்காணியில், அதே தெளிவளவிலும் அதே அமைப்புகளிலும் எடுத்த நல்ல கோப்பு ஒன்று அதற்குத் தேவை. அதை மாதிரியாகக் கொண்டு, இழந்த அட்டவணையை மென்பொருள் மீண்டும் கட்டியெழுப்பும். எனவே திருட்டுக்குப் பின்னர் மறைக்காணியின் அமைப்புகளை மாற்றிவிடாதீர்கள், மாற்றினால் மாதிரி பொருந்தாது. வேலையை எப்போதும் நகலின்மேல் மட்டும் செய்யுங்கள். கடைசிச் சில விநாடிகள் கிடைக்காமல் போகலாம். மற்றவை கிடைத்தால் நிறைவு கொள்ளலாம்.

நினைவட்டையே பழுதாகியிருந்தால் அதில் மேற்கொண்டு எதையும் எழுதாமல், அட்டை முழுவதையும் ஒரே பிம்பக் கோப்பாகக் கணினிக்கு எடுத்துக்கொண்டு, அந்தப் பிம்பத்தில் ஃபோட்டோரெக் போன்ற மீட்பு மென்பொருளை இயக்க வேண்டும். குறைந்த விலையில் பெரிய கொள்ளளவு என்று விற்கப்படும் போலி அட்டைகள், உண்மையான இடம் தீர்ந்த பிறகும் எழுதுவதுபோல நடித்துக்கொண்டே இருக்கும். அவற்றில் சேர்ந்த பிற்பகுதிப் பதிவை மீட்க வழியில்லை. புதிய அட்டை வாங்கியதும், அது காலியாக இருக்கும்போதே எச்2டெஸ்ட்டபிள்யூ மென்பொருளால் சோதித்துவிட வேண்டும்.

மாற்றுவதும் ஒப்படைப்பதும்

எல்லாருடைய கணினியிலும் ஓட வேண்டும் என்றால் ஹேண்ட்பிரேக் மென்பொருளால் எச்.264 முறைக்கு மாற்றலாம். ஆனால் இது படத்தை மறுபடியும் சுருக்கும் வேலை. முகமோ வாகனப் பதிவெண்ணோ சற்றேனும் மங்கும். பார்ப்பதற்கு மட்டும் அந்த நகல் இருக்கட்டும். மூலக் கோப்பைத் தனிக் கோப்புறையில் கைபடாமல் வைத்து, செவன்-ஜிப் மென்பொருளின் வலச்சொடுக்குப் பட்டியலில் கிடைக்கும் எஸ்எச்ஏ-256 எண்ணைக் கணக்கிட்டு எழுதிக்கொள்ளுங்கள். பின்னர் கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் அந்த எண் மாறிவிடும். 1950ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 90ஏ பிரிவு, கணினி தன் வழக்கமான பயன்பாட்டில் உருவாக்கிய ஆவணங்களை மலேசிய நீதிமன்றங்களில் சான்றாக ஏற்க இடமளிக்கிறது; அதற்குக் கணினியை நிர்வகிக்கும் பொறுப்பில் உள்ளவரின் சான்றிதழும் கேட்கப்படலாம். ஆலயத்தில் அந்தப் பொறுப்பு யாருடையது என்பதை நிர்வாகம் முன்பே எழுத்தில் முடிவு செய்துவைப்பது நல்லது.

வாட்ஸ்அப்பில் காணொளியாக அனுப்பினால் அது மீண்டும் சுருங்கிவிடும். அனுப்பியே ஆக வேண்டுமென்றால் ஆவணமாக இணைத்து அனுப்புங்கள். போலீஸ் புகார் செய்யும்போது மூலக் கோப்புகள், அவற்றைத் திறக்கும் இயக்கி, மறைக்காணியின் எண், கருவியின் கடிகாரம் உண்மை நேரத்திலிருந்து எத்தனை நிமிடம் விலகியிருந்தது என்ற குறிப்பு ஆகியவற்றை ஒரே பென்டிரைவில் சேர்த்துக் கொடுங்கள். கடிகார விலகலைக் குறிக்காத பதிவை அடுத்த கடையின் பதிவோடு ஒப்பிடுவது கடினம்.

வேலை முடிந்தபின் பதிவுக் கருவிக்கும் இணையப் பெட்டிக்கும் சேர்த்து ஒரு யுபிஎஸ் (மின்தடையின்போது சிறிது நேரம் மின்சாரம் தரும் மின்கலப் பெட்டி) பொருத்துங்கள். மின்சாரம் நின்றாலும் நடப்புக் கோப்பை முறையாக மூடுவதற்கு அது நேரம் தரும். கருவியின் கடிகாரம் இணைய நேரத்தோடு தானே ஒத்துப்போகும்படி அமைத்துவிட்டு, மாதம் ஒருமுறை ஒரு நிமிடக் காட்சியைப் பென்டிரைவில் எடுத்து, நிர்வாகச் செயலாளர் அன்றாடம் பயன்படுத்தும் அதே மடிக்கணினியில் ஓட்டிப் பாருங்கள்.