லெஸ்டரில் டெபாசிட்டைத் திரும்ப வாங்கியது

லெஸ்டரில் வாடகை வீட்டைக் காலி செய்ததும், கார்ப்பெட் கழுவ, பெயின்ட் அடிக்க என்று டெபாசிட்டில் 240 பவுண்ட் பிடிக்கப்போவதாக ஏஜென்ட் மெயில் அனுப்பினார். சென்னையில் பெயின்டுக்கென்று ஒரு மாத வாடகையையே பிடித்துக்கொள்வார்கள். பழகிய விஷயம்தானே என்று விட்டுவிடப் பார்த்தேன்.

ஆனால் இங்கிலாந்தில் டெபாசிட்டை வீட்டுக்காரர் இஷ்டத்துக்குப் பிடித்துக்கொள்ள முடியாது. வாங்கிய 30 நாளுக்குள் அரசு அங்கீகரித்த மூன்று பாதுகாப்புத் திட்டங்களில் ஒன்றில் பதிய வேண்டும். தொகைக்கும் வரம்பு உண்டு: பொதுவாக ஐந்து வார வாடகை. என் மாத வாடகை 900 பவுண்ட். பன்னிரண்டால் பெருக்கி, 52ஆல் வகுத்து, ஐந்தால் பெருக்கினால் 1,038. அதைத்தான் கட்டியிருந்தேன்.

அப்புறம் என் டெபாசிட் பதிவாகியிருந்த திட்டத்தின் இணையதளத்தில் 240க்கு மட்டும் தகராறு பதிந்தேன். கட்டணம் இல்லை. நேரில் விசாரணை கிடையாது, காகிதம்தான் பேசும். சேதத்தை நிரூபிக்கும் பொறுப்பும் வீட்டுக்காரருடையது. குடிவந்த அன்றைய இன்வென்டரியில், அதாவது வீட்டின் பொருட்களையும் அவற்றின் நிலையையும் குறிக்கும் பட்டியலில், ‘படுக்கையறை கார்ப்பெட், ஜன்னலோரம் கறை’ என்று அவர்களே எழுதியிருந்தார்கள்! அந்தப் பக்கத்தையும் தேதியோடு எடுத்த படங்களையும் ஏற்றினேன். புழக்கத்தில் வரும் சாதாரணத் தேய்மானத்துக்குக் காசு பிடிக்கக் கூடாது என்பதையும் குறிப்பிட்டேன்.

பெயின்ட், கார்ப்பெட் இரண்டும் தள்ளுபடி. முழுத் தொகையும் வந்தது. புதிதாகக் குடிபோகிறவர்கள் இன்வென்டரியில் விட்டுப்போன கீறல், கறையை எல்லாம் எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ஓவனுக்குள்ளேயும் ஒரு படம் எடுத்துவிடுங்கள்.